கொரட்டூர் கோயில் பெட்டிக்குப் பிரம்புப் பின்னல் தேடிப் போன கதை

நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான். மரத்தடுப்பைக் கரையான் தின்னும் என்றேன், தின்றது. ஜனங்கள் ரயில் ஏறி வேறு கோயிலுக்குப் போய்விடுவார்கள் என்றேன், போனார்கள். இதற்குப் பிரம்புதான் வழி என்றும் முடிதிருத்தும் கடையில் நாலு பேர் முன்னால் சொன்னேன். அந்த நாலு பேரில் மூன்று பேர் இன்று இல்லை, மீதி ஒருவருக்குக் காது கேட்காது. ஆகவே என் வார்த்தையைத்தான் நீங்கள் நம்ப வேண்டும்.

நாற்காலிக்கோ அலமாரிக் கதவுக்கோ அளவு கொடுத்துப் பிரம்புப் பின்னல் செய்து வாங்க ஆவடிப் பக்கம் போகலாமா என்று இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நான் போனது 1993இல், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். அதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாவசங்கீர்த்தனப் பெட்டி என்று ஒன்று உண்டு. உள்ளே இருட்டில் சாமியார், அதாவது பாதிரியார், உட்கார்ந்திருப்பார். வெளியே நாம் முழங்காலில் நின்று, செய்த பாவங்களைச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு மரத்தடுப்பு. கரையான் அதைத் தின்று தின்று, ஒரு முகம் நுழைகிற அளவுக்கு வழி பண்ணிவிட்டது. சாமியாரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு எவன் பாவத்தைச் சொல்வான்? கொரட்டூர் ஜனம் மொத்தமும் அம்பத்தூருக்கு ரயிலேறிப் போய்ப் பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தது.

சாமியாருக்கு அது பெரிய மனக்குறை. என் மனைவியின் தம்பி அகஸ்டினைக் கூப்பிட்டார். அகஸ்டின் தச்சன், அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்னொருவர் பட்டறையில் தினக்கூலி. வாயில் வார்த்தை வராத ஆள். "குரல் கேக்கணும், முகம் தெரியக்கூடாது. குருத்தோலை ஞாயிறுக்குள்ள முடிச்சிடு. சரியா வந்துச்சுன்னா கோயில் பெஞ்சு அத்தனையும் உனக்குத்தான்" என்றார். பெஞ்சு வேலை கிடைத்தால் சொந்தப் பட்டறை போடலாம். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் உளிதான். அவன் ராத்திரி பகலாகப் புதுப் பெட்டியே செய்தான். தடுப்புச் சட்டத்தின் அகலம் இருபத்திரண்டு அங்குலம் வந்துவிட்டது. பாரிமுனையில் கிடைத்த பின்னல் சுருளோ பதினெட்டு அங்குலம். அளவு கொடுத்துப் பின்னச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு எட்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை ஏழரை மணி வாக்கில் கொரட்டூரில் ரயில் ஏறினோம். ஆவடிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. டிக்கெட் இரண்டு ரூபாய் என்று ஞாபகம். ஸ்டேஷனிலிருந்து பூந்தமல்லி சாலையில் இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் பருத்திப்பட்டு. ஏரிக்குப் பின்பக்கமாக இருக்கும் எஸ்தர் அக்கா வீடு, விசாரிக்காமலே தெரியும். வாசலில் பிரம்புத் தோல் கட்டுக்கட்டாகத் தொங்கும். அந்தமானிலிருந்து கப்பலில் வந்த பிரம்பு அது. ஒரு கட்டில் புலி நகம் கீறிய தடம்கூட இருந்தது, நான் பார்த்தேன்.

அக்கா சிமெண்டுத் தொட்டியில் பிரம்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, சோபாவா, ஊஞ்சலா?"

"பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு அக்கா."

சிரித்தார், அவர் புரொட்டஸ்டண்ட் சபை. "எங்க சர்ச்சுல அந்தப் பொட்டியே கெடையாது. நாங்க நேரா மேலயே பேசிக்கிறோம்."

"லைன் எப்பவும் கெடைக்குதா அக்கா?"

"பாதி நாளு எங்கேஜுதான். ஆனா நடுவுல ஒக்காந்து எவனும் கேக்கறதில்ல."

அகஸ்டின் தரையைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு அதுவே அதிகம்.

அக்கா பின்னுவதை அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். நேர் இழை இரண்டு, படுக்கை இழை இரண்டு, அப்புறம் ஒரு பக்கம் சாய்வு இழை. அதுவரை அது ஏதோ குப்பைச் சிக்கல் மாதிரிதான் தெரியும். மறுபக்கச் சாய்வு இழையைக் கோத்து இழுத்தார் பாருங்கள், சட்டென்று எட்டு மூலைக் கண்கள் வரிசை வரிசையாகத் திறந்துகொண்டன. ஒன்றைப் போலவே எல்லாம். அளவுகோல் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. லேத்து மெஷினில் இருபது வருஷம் நின்றவன் நான், இப்படி ஒரு நேர்த்தியை மெஷினில்கூடப் பார்த்ததில்லை.

முடித்த துண்டு ஒன்றை எடுத்து வாசலில் தூக்கிப் பிடித்தார். அவர் இருட்டான அறைக்குள், நாங்கள் வெளியே வெயிலில். நான் உற்றுப் பார்த்தேன். அக்கா இருக்கிற இடமே தெரியவில்லை.

"பாத்தியா மச்சான், ஒண்ணும் தெரியல. இதேதான், இதுல இருபத்திரண்டு அங்குலம் சொல்லிடு" என்றேன்.

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "அண்ணாத்தே, உன் சட்டைல மூணாவது பட்டனக் காணோம். தம்பி மூக்குல மரத்தூள் கீது."

நான் சட்டையைத் தடவிப் பார்த்தேன், பட்டன் இல்லைதான். அகஸ்டின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "மாமா, அப்போ இத்தினி வருசமா சாமியாருக்கு..." என்றான்.

"பேசாத" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். கோயிலில் முதல் நன்மை என்று அப்பம் வாங்கிய சின்ன வயதிலிருந்து நாங்கள் முழங்கால் போட்ட பக்கத்திலிருந்துதான் அந்தத் தடுப்பைப் பார்த்திருக்கிறோம். சாமியார் உட்காரும் பக்கத்திலிருந்து கோயிலுக்கு வருகிற ஜனத்தில் ஒருத்தன்கூடப் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. நமக்கு அவரைத் தெரியவில்லை, ஆகவே அவருக்கும் நம்மைத் தெரியாது என்று ஒரு ஊரே நம்பிக்கொண்டிருந்தது. நான் அக்காவைக் கேட்டு உள்ளே போய் நின்றேன். அவர் பின்னலைப் பிடித்தார். வெளியே வெயிலில் அகஸ்டின். அவன் கண் இமைப்பதுகூடத் தெரிந்தது. அவன் பயத்தில் இருந்தான், அதுவும் தெரிந்தது. அந்த இருட்டில் நின்று வெளிச்சத்தில் இருக்கிற ஒருத்தனைப் பார்த்தேன். எத்தனை சாமியார்கள் என்னை இப்படிப் பார்த்திருப்பார்கள், ஒருத்தராவது வெளியே காட்டிக்கொண்டதில்லையே என்று நினைத்தேன்.

"கண்ண இன்னும் சின்னதாக்கு அக்கா" என்றான் அகஸ்டின்.

"ஆக்கினா கொரலு அடைச்சிக்கும். பிரம்பும் ஒடியும். இது ஒரு பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் பிளாஸ்டிக் பின்னல் இன்னொண்ணு போடு. நடுவுல ஒரு அங்குலம் எடம் வுடு. இந்தக் கண்ணுக்கு எதிர்ல அந்தக் கண்ணு வராம மாட்டிக்கோ. சென்னீர்க்குப்பத்துல என் கொழுந்தன் கீறான், போய்ப் பாரு."

பூந்தமல்லி பஸ்ஸில் ஆறேழு கிலோமீட்டர். கொழுந்தன் சாமுவேல், கூரைக் கொட்டகையில் வெயிலுக்கும் மழைக்கும் அசையாத நாற்காலிகளுக்குப் பிளாஸ்டிக் பிரம்பு பின்னுகிறவர். பேச்சில் எனக்குச் சரியான ஜோடி.

"மாமே, எங்க அண்ணி பிரம்புக்கு ஆயுசு பத்து வருசம். என்னுது உன் பேரன் கல்யாணத்துக்கும் இப்படியே இர்க்கும்."

"எனக்கு இன்னும் பையனே பொறக்கல."

"பொறக்கட்டும், அவசரமில்ல. அதுவும் வெயிட் பண்ணும்."

பழுப்பு நிறத்தில், பாய் மாதிரி நெருக்கமாக ஒன்று சொல்லிவிட்டு வந்தோம். இரண்டையும் அடுத்த வெள்ளிக்கிழமை போய் வாங்கினோம். சுருட்டித்தான் கொண்டுவர வேண்டும், பஸ்ஸில் மடித்தால் போச்சு.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் பின்புறம் சட்டத்தில் மாட்டினோம். பிரம்பை நனைத்துத் தொளதொளவென்று விட்டு மாட்டச் சொல்லியிருந்தார் அக்கா. அகஸ்டினுக்கு மனசு கேட்கவில்லை, எதையும் தொய்வாக விட்டுப் பழகாத தச்சன் கை இழுக்கப் போனது. "இழுக்காத மச்சான், காயும்போது அதுவே இழுத்துக்கும், நீயும் இழுத்தா சட்டம் பிச்சுக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். கண்ணெதிரே அந்தத் தொய்வு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிற்று. யாரும் தொடவில்லை. மூன்று மணிக்கு விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். தவில் மாதிரி சத்தம் வந்தது, பூந்தமல்லிவரை கேட்டிருக்கும். அகஸ்டின் தானும் ஒரு தட்டுத் தட்டினான். அப்புறம் இன்னொரு தட்டு.

ஒரு அங்குலம் விட்டுப் பிளாஸ்டிக் பின்னலையும் மாட்டி, சட்டத்தைப் பெட்டியில் பொருத்தினோம். சாயங்காலம் சாமியார் உள்ளே உட்கார்ந்தார். சோதித்துப் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்றார். நான் முழங்கால் போட்டு, அந்த வருஷக் கணக்கில் ஒன்றிரண்டு பாவங்களைச் சொன்னேன். முடித்ததும் கதவைத் திறந்து, "யாருப்பா அது, கடைசிவரைக்கும் தெரியலையே" என்றார். அதற்குள் என் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். பெஞ்சு வேலை அகஸ்டினுக்கே வந்தது. அடுத்த வருஷம் காட்டுப்பாக்கத்தில் சொந்தப் பட்டறை போட்டான்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயம். சட்டத்தின் அளவோடு நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடச் சொல்லுங்கள். உட்காருகிற இடத்துக்கும் காற்று போகிற கதவுக்கும் பிரம்பு, மழைச்சாரல் படுகிற இடத்துக்குப் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை ஊறவைக்காதீர்கள், அது தண்ணீருக்கு அசையாது. வெயிலில் கொஞ்சம் இளகவிட்டு, இழுத்து மாட்டுங்கள். மறைப்புக்கு என்றால் இரண்டு பக்கமும் நின்று பாருங்கள், முக்கியமாக நீங்கள் என்றைக்குமே நிற்காத பக்கத்தில். சாலையெல்லாம் இப்போது மாறிவிட்டது. கடைகளை விசாரித்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. என்னைச் சாமியாருக்குத் தெரியவில்லை என்று எழுதினேனே, அது நான் சேர்த்தது. நான் வாயைத் திறந்து முதல் பாவத்தை ஆரம்பிக்கும்போதே, "அந்தோணி, சுருக்கமா சொல்லு, பின்னால ஆள் நிக்கிது" என்றார். என் குரலை எந்தப் பின்னலும் மறைக்காது. கடைசிவரை யாரென்று தெரியாமல் போனது எனக்கு அடுத்து முழங்கால் போட்டவன். ரொம்ப வருஷமாகப் பாவசங்கீர்த்தனத்துக்கே வராதவன், அன்றைக்கு அரை மணி நேரம் பேசினான். சாமியார் கதவைத் திறந்து 'யாருப்பா அது' என்று கேட்டபோது அகஸ்டின் உளிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டிருந்தான். அது அவன்தான் என்று நானும் சொல்லவில்லை.