மச்சானின் ரீலில் உப்பு

மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குத் திரும்பும் வழியில், தெல்தெனியவில் ஒரு தையல் மெஷின் திருத்தும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் கிடப்பது மச்சானின் தூண்டில் ரீல். இரவல் வாங்கிப் போய் இரண்டு நாள் கடலோரம் நின்றேன். மீன் பிடித்தேன் என்று சொல்ல முடியாது. மீன்களுக்குச் சாப்பாடு போட்டேன். இப்போது ரீலின் கைப்பிடி அசையவில்லை. சுற்றுவது என் தலை மட்டும்தான். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் காத்திருக்கும் மச்சான் குடையைக்கூட இரவல் கொடுக்காத மனிதர்.

கடைக்கார அண்ணன் ரீலை முகர்ந்து பார்க்கிறார்.

"எதுல கழுவுனீங்க?"

"மணல் ஒட்டியிருந்திச்சுண்ணே. கடல்லயே முக்கி எடுத்தேன்."

"உப்பக் கழுவ உப்புத்தண்ணி! நல்ல ஆளுங்க நீங்க."

சிரிக்காமல் திருகாணிகளைக் கழற்றுகிறார். அதற்குள் நான் மச்சானிடம் சொல்ல மூன்று பொய்களைத் தயார் செய்துவிட்டேன். மூன்றாவதில் ஒரு திருடன் வருகிறான்.

உள்ளே பித்தளைச் சக்கரத்தில் பச்சைக் களிம்பு தடித்திருக்கிறது. அதைச் சுரண்டிக் காட்டுகிறார்.

"இது ரெண்டு நாள்ல புடிக்காதுங்க. வருசக்கணக்கா யாரும் தொறந்து தொடைக்கல. ஒங்க பங்கு கொஞ்சந்தான்."

நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுகிறார். கைப்பிடி சுற்றுகிறது.

போன் அடிக்கிறது. மச்சான்.

"ரீல் பத்திரமா?"

கதிரையில் நிமிர்ந்து உட்காருகிறேன்.

"அது கெடக்கட்டும் மச்சான். நீங்க இத கடைசியா எப்ப தொறந்து தொடச்சீங்க?"

மச்சானின் குரல் இறங்குகிறது.

"சரி, சரி. அவசரமில்ல, ஆறுதலா வாங்க."