அசையாமல் நின்றால் தெரியாதாம்

கண்காட்சிக் கூடத்தில் அந்த எலெக்ட்ரீஷியனை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு ஆணி அடிப்பதற்குள் மூன்று தடவை அளப்பார். எந்த வயரை எந்தத் தேதியில் மாற்றினார் என்பதெல்லாம் அவருடைய நீல நோட்டில் இருக்கும். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் தங்கையிடம் வந்து நிற்கும். தங்கை டைனோசர் எலும்புகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள்.

"டாக்டர்தான். ஆனா அவங்க பேஷண்டெல்லாம் செத்து ஆறு கோடி வருஷம் ஆச்சு" என்பார் பெயிண்டர். டேப்பு அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

கூடத்துக்கு டி.ரெக்ஸ் டைனோசர் பொம்மை வந்தபோது அதன் தலையை ஆட்டவைக்கும் வேலை அவரிடம் வந்தது. அசையாமல் நின்றால் அந்த மிருகத்துக்கு ஆள் தெரியாது, அசைந்தால் பாயும் என்று கதைப் புத்தகத்தில் படித்ததை மேனேஜர் சொன்னார். அதே மாதிரி வேண்டுமாம். கதையை நம்பி வயர் இழுக்க டேப்புக்கு மனம் வரவில்லை. தங்கைக்குப் போன் போட்டார்.

"பாப்பா, அசையாம நின்னா அதுக்குத் தெரியாதாமே, நெசமா?"

"ஆமாண்ணா, அப்படித்தான். நீ மாட்டு."

நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்: 'தங்கையிடம் கேட்டாச்சு. சரி.' அசைவைக் கண்டால் வேலை செய்யும் சென்சாரை மூக்குக்குக் கீழே பொருத்தினார். கையை ஆட்டினால் தலை சடாரென்று இறங்கி வாயைப் பிளக்கும். சிலைபோல நின்றால் சும்மா இருக்கும்.

ஒரு நாள் வந்த வாத்தியார் ஒருவர் இது தப்பு என்று தன்மையாகத்தான் சொன்னார். டேப்பு விடவில்லை. "என் தங்கச்சி சொன்னா சார். உங்களைவிடப் படிச்சவ." கூட்டம் சிரித்தது. வாத்தியார் வருகைப் பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஒரு வருஷம் கழித்து, ஆபீஸ் அலமாரிக்குப் பின்னால் பிளக் மாற்றும்போது ஒரு பழைய அறிவியல் மாத இதழ் கையில் சிக்கியது. உள்ளே தங்கையின் படம். அவர் பார்த்திராத கட்டுரை. வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். டி.ரெக்ஸின் இரண்டு கண்களும் முன்னோக்கியவை. தூரத்தில் நிற்பதும் அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மோப்பமும் கூர்மை. அசையாமல் நின்று தப்புவதெல்லாம் கதைக்காரர்கள் கட்டிவிட்டது. 'படிக்காதவர்கள்தான் இதை நம்புவார்கள்.'

அட்டையில் மாதத்தைப் பார்த்தார். நோட்டைத் திறந்து, தங்கையிடம் கேட்ட தேதியைப் பார்த்தார். கட்டுரை நான்கு மாதம் முந்தியது. மூன்று தடவை பார்த்தும் கணக்கு மாறவில்லை.

போனில் கேட்டார். அவள் மறைக்கக்கூட இல்லை. "உனக்கு விளக்கணும்னா அரை மணி ஆகும்ணா. பொம்மைதானே?"

அவளுடைய பரீட்சைக் காலங்களில், தனக்கு ஒரு சொல்கூடப் புரியாத பாடங்களை மடியில் வைத்துக்கொண்டு, அவள் ஒப்பிப்பதை எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்தவர் அவர். ஒரு நாளும் மணி பார்த்ததில்லை.

அடுத்த மாதம் கூடத்தின் புதுப் பகுதியைத் திறந்துவைக்க அவளைத்தான் அழைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் டேப்பு சென்சாரைக் கழற்றினார். பொம்மையின் எதிரே கிடந்த ரப்பர் விரிப்புக்கு அடியில், ஆள் எடை பட்டால் வேலை செய்யும் சுவிட்சை வைத்தார்.

போட்டோ எடுக்க மேனேஜர் அவளைப் பொம்மையின் முன்னால் நிறுத்தினார். சூட்சுமம் தெரிந்தவள் ஆயிற்றே, சிரித்த முகத்தோடு அப்படியே அசையாமல் நின்றாள். தலை இறங்கியது. பல்வரிசை அவள் கூந்தலுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. போட்டோக்காரரே பின்வாங்கினார். அவள் ஸ்விட்ச் போர்டு பக்கம் திரும்பி அண்ணனைத் தேடினாள்.

"என்னண்ணா இது? நான் அசையவே இல்லையே?"

"விளக்க அரை மணி ஆகும் பாப்பா. பொம்மைதானே?"

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவர் அதற்குமேல் நிற்கவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து, போன வருஷத்துப் பக்கங்களில் அந்த வாத்தியாரின் முகவரியைத் தேட ஆரம்பித்தார்.