கேட்டுக்கு வந்த சேதி

போன ஆடி மாதம் நடந்தது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் வேலை செய்கிறேன். அன்றைக்குக் காலை ஷிப்ட். கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு லைனுக்குத் திரும்பியிருந்தேன்.

எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் ஏதாவது ஒன்று என்றால் ஆள்தான் கேட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். அதனால் கேட்டில் கூப்பிடுகிறார்கள் என்றாலே கெட்ட சேதி என்றுதான் நினைப்போம்.

அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் வந்து சொன்னார்.

“உன் வூட்டுக்காரரு வந்துக்கிறாரு. பொண்ணுக்கு ஸ்கூல்ல அடிபட்டுச்சாம். சீக்கிரம் போம்மா.”

என் வீட்டுக்காரரை விட்டு வந்து சில மாதம் ஆகியிருந்தது. அடி தாங்காமல் வந்தேன். மகளோடு வாலாஜாபாத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். குடும்ப வன்முறை வழக்குகளைப் பார்க்கும் அரசுப் பாதுகாப்பு அலுவலர் மூலமாக மனு கொடுத்தேன். என்னையும் மகளையும் அவர் நெருங்கக் கூடாது, கம்பெனிப் பக்கமும் வரக்கூடாது என்று கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார்கள். கம்பெனியில் யாருக்கும் தெரியாது. சொல்ல வெட்கம்.

அந்த நேரம் கோர்ட்டும் நினைவில் இல்லை, உத்தரவும் நினைவில் இல்லை. பிள்ளை மட்டும்தான். ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தபடி நின்றிருந்தார். “வா வா, ஏறு. ரத்தம் நெறய பூட்ச்சு” என்றார்.

பாதி ஷிப்டில் வெளியே போகிற பெண்களைத் திரை போட்ட சின்ன அறையில் சோதித்துத்தான் விடுவார்கள். பார்ட்ஸ் எதையும் எடுத்துப் போகிறோமா என்று பார்க்க. எனக்கு அது எப்போதும் எரிச்சல். அன்றைக்குக் கத்தியே விட்டேன்.

“எம் பொண்ணுக்கு இன்னா ஆச்சோ, வுடுக்கா!”

செக்யூரிட்டி அக்கா அசையவில்லை. என் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே கேட்டார். “எந்த ஆஸ்பத்திரியாம்?”

“தெரிலக்கா. அவரு சொல்லல.”

“ரத்தம் போவுதுன்றாரு. அப்பங்காரன் பொண்ணாண்ட இல்லாம இங்க ஹாரன் அட்சிகினு இன்னா பண்றாரு?”

அப்போதுதான் உத்தரவு நினைவுக்கு வந்தது.

“அவரு என்னாண்ட வரக்கூடாதுக்கா. கோர்ட்டு ஆர்டர் கீது.”

“அடிப்பாவி, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

என் போனை எடுத்து வந்து கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போட்டேன். டீச்சர் மகளிடம் கொடுத்தார்.

“இன்னாம்மா? சாப்டுகினு கீறேன். இன்னிக்கு முட்ட” என்றாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் பேசினார். உத்தரவின் நகல் ஸ்டேஷனில் முன்பே இருந்தது. போலீஸ் வந்ததும், வெளியே இன்னும் நின்றிருந்த என் வீட்டுக்காரர், “புருசன் பொண்டாட்டி சமாச்சாரம் சார்” என்றார்.

“கோர்ட்டாண்ட வந்து சொல்லு. ஜீப்புல ஏறு” என்றார் ஏட்டு.

நான் லைனுக்குத் திரும்பினேன். பொண்ணு எப்படி என்று சூப்பர்வைசர் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். மற்றதையும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு என் இடத்தைக் காட்டினார். வேலையைப் பார்த்தேன்.

அதன்பிறகு என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வரவில்லை. கோர்ட்டு எனக்குக் கொடுத்த காவல், நான் வாயைத் திறந்து ஒரு ஆளிடம் சொன்ன பிறகுதான் என் பக்கத்தில் வந்து நின்றது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.