பஸ் நிறுத்தத்தில் எடுத்த படம்

என் தம்பிக்கு ஆபீசில் 'மறுபடி' என்று பெயர். யார் போன் செய்தாலும் "மறுபடி ஒருதரம் ஏத்திப் பாருங்க" என்றுதான் தொடங்குவான். அதனால் வந்தது. அவன் கோபித்துக்கொண்டதில்லை. அவன் பெண்டாட்டியும் வீட்டில் அப்படித்தான் கேலி செய்வாள். இரண்டாம் தரம் சோறு போடும்போது, "மறுபடிக்கு மறுபடியுமா?" என்பாள்.

அவள் தவறிப்போன பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் வந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். தம்பியின் வேலையில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. பல கம்பெனிக்காரர்கள் தங்கள் குறைகளை அதில் எழுதிப் போடுவார்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரு எண். அதை டிக்கெட் என்கிறார்கள். எழுதினால் மட்டும் போதாது. உடைந்த சாமானின் படம், பில் என்று எதையாவது கூடவே ஏற்ற வேண்டும். அது ஏறாமல் பாதியில் நின்றுவிட்டால் என் தம்பியிடம் வருவார்கள்.

கோளாறு எங்கே என்று பார்க்க அவனுக்கு ஒரு வழி உண்டு. ஒழுங்காக ஏறும் என்று தெரிந்த ஒரு படத்தை அவர்களுக்கு அனுப்பி, அதை ஏற்றிப் பார்க்கச் சொல்வான். ஏறினால் குறை அவர்கள் கோப்பில். அளவு பெரிதாக இருக்கும், அப்படி ஏதாவது. ஏறாவிட்டால் குறை இவர்கள் பக்கம். மற்றவர்கள் இதற்கு ஏதோ பூப்படம் வைத்திருந்தார்கள். தம்பி வைத்திருந்தது பெண்டாட்டி படம். பஸ் நிறுத்தத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, எடுக்காதே என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் இருந்த காலத்தில் விளையாட்டாகத் தொடங்கியது, அப்படியே நின்றுவிட்டது.

அவளுக்குப் படம் எடுத்துக்கொள்வதே ஆகாது. வயது கடந்து நடந்த கல்யாணம். ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள், வீட்டுக்கு வந்தார்கள், அவ்வளவுதான். அடையாள அட்டையில் இருப்பது தான் இல்லை, வேறு யாரோ என்று அவளே சத்தியம் செய்வாள். தம்பியின் போன் தண்ணீரில் விழுந்து போனது. ஆபீசில் கம்ப்யூட்டரையும் மாற்றிவிட்டார்கள். அதனால் படம் வேண்டும்போதெல்லாம் ஏதாவது ஒரு பழைய டிக்கெட்டைத் திறந்து அதிலிருந்துதான் எடுப்பான். உலகத்தில் அவள் முகம் இருந்தது அங்கே மட்டும்தான்.

பிரார்த்தனைக்கு உட்காரும் இடத்தில் வைக்க ஒரு படம் கொடு என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆபீசில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்பான். சரி என்பேன். அடுத்த வாரமும் அதேதான்.

ஒருநாள் யாருக்குமே எதுவும் ஏறவில்லை. ஒரு கம்பெனிக்குப் பஸ் நிறுத்தப் படத்தை அனுப்பிப் பார்த்தான். இன்னொரு கம்பெனிக்கும் அனுப்பினான். எங்கேயும் ஏறவில்லை. அப்படியானால் குறை இவர்கள் பக்கம். தேடியதில், கோப்புகளை வைக்கும் இடமே நிரம்பிவிட்டது தெரிந்தது. முதலில் நாம் சோதனைக்குப் போட்ட குப்பையை எல்லாம் அழியுங்கள் என்று மேலாளர் அம்மா சொன்னார். திரையைப் பார்த்துவிட்டு அவரே கேட்டாராம்.

"யாருங்க இந்தம்மா? எங்க திறந்தாலும் கையத் தூக்கிட்டு நிக்கிறாங்க?"

பக்கத்து நாற்காலிக்காரருக்கு விஷயம் தெரியும். அவர் குனிந்துகொண்டார். தம்பி, "டெஸ்ட் படம் மேடம்" என்றான். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்தான். எல்லோருக்கும் ஏறத் தொடங்கியது.

சாயங்காலம் சாப்பிடும்போது, பஸ் லேட் என்று சொல்வதைப் போல இதைச் சொன்னான்.

"ஒன்னை எடுத்து வச்சிட்டு மிச்சத்த அழிச்சிருக்கலாமேடா."

"தோணல அக்கா."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"எடம் இல்லன்னுதானே அடியோட அழிச்சோம்."

தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து கை கழுவினான். திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது? பிரார்த்தனைக்கு உட்கார்ந்து அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். தூக்கிய கைதான் வந்தது, முகம் வரவில்லை. ஆண்டவனே, நீயாவது அவள் முகத்தை மறக்காமல் இரு என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அதன்பிறகு அவனும் பூப்படத்துக்கு மாறிவிட்டான். சில மாதங்கள் கழித்து ஒரு கிடங்குக் கணக்கர் பில் ஏறவில்லை என்று போன் செய்தார். அடிக்கடி கூப்பிடுகிறவர். தம்பி வழக்கம்போல வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டாராம்.

"மறுபடி ஏத்தச் சொல்லாதீங்க சார். போன வருஷம் நீங்க அனுப்பின அந்தம்மா படம் என்கிட்ட இருக்கு. அதை ஏத்திப் பாத்துட்டேன், ஜோராப் போகுது. என் பில்லுதான் அடம்பிடிக்குது."

தம்பி டிக்கெட்டைத் திறந்தான். வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

பில்லின் அளவைக் குறைக்கச் சொன்னான். அது ஏறியது. டிக்கெட்டை மூடினான். மூடுவதற்கு முன் படத்தை எடுத்துக்கொண்டான். இந்தத் தடவை எப்படித் தோன்றியது என்று நான் கேட்கவில்லை.

சாதாரணக் காகிதத்தில் அச்செடுத்து வந்தான். ஆபீசில் மை தீரும் நேரம் போலிருக்கிறது, குறுக்கே கோடு கோடாக இருந்தது. முகம் தெரிந்தது.

"அந்தக் கணக்கர்கிட்ட சொன்னியா?"

"என்னன்னு சொல்றது?"

காகிதத்தைச் சுவரில் ஒட்டினேன். அவன் அதைப் பார்க்காமல் வந்து தட்டின் முன் உட்கார்ந்தான். அன்றைக்குச் சோறு இரண்டாம் தரமும் கேட்டான். அவளுடைய 'மறுபடிக்கு மறுபடியுமா?' நினைவுக்கு வந்தது. போட்டேன்.