ஊசியால் செத்த ஆட்டுக்குட்டிகள்

சென்ற வாரம் இரத்த அழுத்த மாத்திரை வாங்க எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகள் கடந்துபோகும் சாலையோரக் கட்டடம் அது. டாக்டர் ஏதோ முகாமுக்குப் போய்விட்டார், செவிலியர் ஒருவர்தாம். ஊசி போடும் இடத்தை மறைக்கும் திரைச்சீலை சலவைக்குப் போயிருந்தது. ஆகவே ஒரு பெண்ணின் உடம்பு, பெஞ்சியில் அமர்ந்திருந்த எங்கள் அனைவருக்கும் பொதுச்சொத்தாயிற்று. நாங்களும் அதைப் பொறுப்போடு பராமரித்தோம்.

பெண்ணின் பெயர் மங்கம்மா. ஆடு மேய்க்கும் குடும்பம். அறுவடை முடிந்த நிலங்களில் மந்தையைக் கிடை போட்டு, அது இடும் எருவுக்குக் கூலி பெற்று, ஊர் ஊராக நகர்பவர்கள். இரண்டு குழந்தைகள். இளையது பிறந்தது மாநில எல்லை தாண்டி, நகரிக்கு அப்பால் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில், கிடைக்கு நடுவே. அன்று தாய் பிழைத்ததே பெரிது.

இன்னொன்று இப்போதைக்கு வேண்டாம் என்று சித்திரையில் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டாள். ஒரு முறை போட்டால் மூன்று மாதம் தாங்கும். அடுத்ததற்கு நாள் வந்துவிட்டது. மறுநாள் மந்தை எல்லை தாண்டுகிறது. திரும்பப் பொங்கல் ஆகும். இன்று போட்டால் உண்டு. தவறினால்... மறுபடியும் ஒரு வேர்க்கடலைக் கொல்லைதான்.

உடன் வந்திருந்தவர்கள் கணவன் முனிரத்தினமும் மாமியாரும். துணைக்கு வந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? ஊசி போடக் கூடாது என்று சொல்ல வந்தவர்கள்.

குற்றச்சாட்டு இதுதான். சித்திரையில் மருமகள் ஊசி போட்டுக்கொண்டாள். வைகாசியில் பிறந்த ஆட்டுக்குட்டிகள் வெயிலில் வாடி வரிசையாக மடிந்தன. இடையில் வேறென்ன காரணம் இருக்க முடியும்?

இன்னொன்றும் உண்டு. மாதவிலக்கு நாள்களில் அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆட்டுப்பட்டிக்குள் கால் வைப்பதில்லை. ஊசிக்குப் பிறகு மங்கம்மா ஒருமுறைகூட ஒதுங்கவில்லை, விலக்கு நின்றுபோயிருந்தது. சிலருக்கு அப்படி ஆகும், அதனால் கெடுதல் இல்லை என்று செவிலியர் விளக்கினார். யார் கேட்டார்கள்?

“நின்னுபோச்சின்னு இவ சொல்றா. மறைச்சிக்கினு பட்டிக்குள்ள பூந்து வந்தாளோ இன்னாவோ, யாரு கண்டது?” என்றார் மாமியார்.

சட்டத்தின் அழகைக் கவனியுங்கள். விலக்கு நின்றிருந்தால் ஊசியின் குற்றம். நிற்காவிட்டால் மருமகளின் குற்றம். தப்பிக்க ஒரு சந்துகூட இல்லை.

பெஞ்சியும் சும்மா இருக்கவில்லை. சர்க்கரை பார்த்துக்கொள்ள வந்த அம்மையார்குப்பத்து விசைத்தறிக்காரர், ஊசி உடம்பில் சூட்டைக் கிளப்பும், அந்தச் சூடு மந்தைக்குப் பரவும் என்று கருதினார். நூலைத் தவிர வேறெதையும் மேய்த்தறியாதவர். பல்வலிக்கு வந்த மற்றொருவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, அந்தக் காலத்துப் பெண்கள் பத்துப் பெற்றதை எடுத்துரைத்தார். பல்வலி பேச்சை மட்டும் தடுப்பதில்லை. நான் நடுநிலை வகித்தேன் — அதாவது, ஒன்றுக்கும் உதவவில்லை.

மங்கம்மா, இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, அப்போதுதான் வாய் திறந்தாள்.

“அத்தே, வைகாசில பொறந்த குட்டிங்க மார்கழில சென புடிச்சது. எனக்கு ஊசி போட்டது சித்திரைல.”

ஆட்டுக்குச் சினை ஐந்து மாதம். பெஞ்சி விரல் விட்டு எண்ணத் தொடங்கியது.

“கெடாவுக்குக் கோணி கட்டச் சொல்லி அப்பவே சொன்னேன். ஒங்க புள்ள, நாளைக்கி நாளைக்கின்னு சொல்லிக்கினே இருந்தாரு.”

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். கடுங்கோடையில் குட்டி பிறந்தால் மேயப் புல் இராது. தாய்க்குப் பாலும் ஊறாது. ஆகையால் வேண்டாத பருவத்தில் ஆடுகள் சினைப்படாதபடி, கிடாவின் அடிவயிற்றில் ஒரு கோணித்துண்டைக் கட்டித் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். ஆம், கருத்தடையேதான். காலங்காலமாக நடக்கிறது. அதற்காக எந்தக் கிடாவின் தாயாரிடமும் ஒப்புதல் கேட்டதில்லை. சூடு பரவும் என்று எவரும் எச்சரித்ததில்லை. குலம் தழைக்காதே என்று கண்ணீர் விட்டதும் இல்லை.

மாமியாருக்கு ஊசியைப் பற்றித் தெரியாது. ஆட்டைப் பற்றித் தெரியும். மகன் பக்கம் திரும்பினார்.

“ஏன் நைனா, கோணி கட்டலயா?”

குரல் மிக மெதுவாக இருந்தது. அதுதான் ஆபத்து. முனிரத்தினம் சுவரிலிருந்த போலியோ போஸ்டரை ஆழ்ந்து படிக்கத் தலைப்பட்டான்.

“கட்டலாம்னுதான்...”

“ஒரு கோணித்துண்டு கட்ட ஒனக்குக் கை வரல. இவளுக்கு ஊசி வேணாம்னு சொல்ல வாயி மட்டும் வருது.”

தறிக்காரர் தமது சூட்டுக் கொள்கையைச் சத்தமின்றி வாபஸ் வாங்கினார்.

இதற்குள் மங்கம்மா ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு செவிலியர் முன்னால் போய் நின்றுவிட்டாள். எவர் தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை. ஊசி இறங்கியது. அந்த இடத்தைத் தேய்க்காதே என்றார் செவிலியர். அடுத்ததை, மூன்று மாதத்துக்குள் எல்லைக்கு அப்பால் ஏதேனும் அரசு ஆஸ்பத்திரியைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மாமியார் குழந்தையை வாங்கித் தம் இடுப்பில் வைத்துக்கொண்டார். வருத்தம் தெரிவித்தாரா? அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ன... குழந்தையை வாங்கியதே பெரிது.

பெண்கள் இருவரும் படியிறங்கிப் போனார்கள். முனிரத்தினம் மட்டும் வாசலில் தயங்கி நின்றான். பிறகு செவிலியரிடம் மிகுந்த பணிவோடு கேட்டான்.

“ஏங்க, இந்த ஊசிய கெடாவுக்குப் போட்டா கேக்குமாங்க? கோணி கட்ற வேல மிச்சம்.”

பெஞ்சியைப் பார்த்தேன். ஒருவரும் கருத்துத் தெரிவிக்கவில்லை — ஓர் ஆணின் சொந்த விஷயத்தில் பிறர் தலையிடுவது நாகரிகமா?