பழனிக்குப் போன கட்டைவிரல்

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது, அவர் பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன். அவர் எழுந்து நடமாடினார். நான் படுத்துவிட்டேன். வலதுகால் கட்டைவிரலில் நகத்தின் ஓரம் சதைக்குள் புகுந்து, பாயில் பட்டாலே உயிர் போனது.

என் மாமியார் எலுமிச்சம்பழத்தில் துளைபோட்டு விரலில் மாட்டிவிட்டார். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நகத்தில் எது வந்தாலும் எலுமிச்சம்பழம்தான். பழம் வதங்கியதுதான் மிச்சம். பிறகு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினோம். சீழ் வற்றியது, வலி வற்றவில்லை. கடைசியில் நாவிதர் வந்து, குத்துகிற மூலையைத் தோண்டி எடுத்தார். அன்றைக்குச் சொர்க்கமாக இருந்தது. நகம் வளர்ந்ததும் முன்னைவிட ஆழமாகக் குத்தியது. மறுபடி நாவிதர், மறுபடி சொர்க்கம், மறுபடி குத்தல்.

"கூண்டு வண்டியில வா அம்முணி. சாமி வேண்டாம்னா சொல்லப்போகுது?" என்றார் மாமியார்.

"நேந்தது என்ற காலுங்க, அத்தை. மாட்டுக் காலில்லீங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வீட்டுக்காரர் என்னைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் இரண்டு வழி சொன்னார். நகத்தையே பிடுங்கிவிடலாம், ஆனால் புண் ஆறிப் பூசத்துக்கு நடப்பது சந்தேகம். இல்லையென்றால் தினமும் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்து, நக மூலைக்கு அடியில் துளிப் பஞ்சைச் செருகி, நகம் சதைக்கு மேலே வளர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மூலையில் யாரும் கை வைக்கக் கூடாது. தோண்டிய இடத்தில் சதை ஏறிக்கொள்கிறது, முளைக்கிற நகம் அதில்தான் போய்க் குத்துகிறது என்றார். இத்தனை நாள் காசு கொடுத்து நோயை வளர்த்திருக்கிறோம் என்று எனக்குக் கோபமாக வந்தது.

பஞ்சு வைப்பது சுலபம். மாமியாரைத் தடுப்பதுதான் கஷ்டம். "நகத்த இப்படி வளத்துனா ஊட்டுக்கு ஆகாது" என்று சொல்லி, மறுநாள் காலையில் வரும்படி நாவிதருக்கு ஆள் அனுப்பிவிட்டார். மூத்தவர் சொல்லை மீறி எங்கள் வீட்டில் யாரும் எதுவும் செய்ததில்லை.

நான் விடிகாலையில் குளித்து, முருகன் கோயிலுக்கு நொண்டிக்கொண்டே போய் மாலை போட்டுக்கொண்டேன். அப்போது கார்த்திகைதான் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் தை பிறக்கிற சமயத்தில்தான் மாலை போடுவார்கள். எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்ட வயது. எப்போது வேண்டுமானாலும் போடலாம். மாலை போட்டவர்கள் பழனி போய்வரும்வரை முடியும் நகமும் வெட்டக் கூடாது. நாவிதர் என் கழுத்தைப் பார்த்தார், பையைச் சுருட்டினார்.

"மாலை போட்டவீங்க நகத்துல கை வெக்க மாட்டனுங்க."

மாமியார் என்னை முறைத்தார். முருகனை முறைக்க முடியுமா?

வீட்டில் கறி நின்றது. ஆட்டுக்கறிப் பிரியரான என் கொழுந்தனார் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் உட்காரும்போது என் கட்டைவிரலைப் பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் விரதத்தையும் பஞ்சையும் விடவில்லை. மார்கழி முடிவில் ஒருநாள் பஞ்சை எடுத்தபோது, நகத்தின் மூலை சதைக்கு மேலே வெள்ளையாக எட்டிப் பார்த்தது. பேரப்பிள்ளைக்கு முதல் பல் முளைத்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

நடந்தேன். காவடிக் கூட்டத்தோடு பாடிக்கொண்டே, வெறுங்காலில், பழனி மலை அடிவாரம்வரை நடந்தேன். வண்டியில் வந்த மாமியார் படியேறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார். வயசு என்று நினைத்தேன். சன்னதியில் நின்றபோது எனக்கு வேண்டிக்கொள்ள எதுவுமே மிச்சமில்லை. வந்துவிட்டேன் பார் என்று மட்டும் சொன்னேன்.

ஊர் திரும்பி மாலையைக் கழற்றிய அன்று, நகவெட்டியை நானே வாங்கி, மூலையைத் தொடாமல் நகத்தை நேராக வெட்டினேன். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலையை லேசாக உயர்த்தி, தன் இடதுகாலை என் முன்னால் நீட்டினார். கட்டைவிரலின் ஓரம் கறுத்து வீங்கியிருந்தது.

"எலுமிச்சம்பழம் எனக்குங் கேக்கல அம்முணி. நீ இந்த ஊட்டுக்கு வாரதுக்கு முந்தியிருந்தே இருக்குது" என்றார். "எனக்கும் அந்தப் பஞ்ச வெச்சு உடு."