நாலு விரல் தண்ணீர்

நம்பாதவர்கள் பாம்பனில் எங்கள் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்க்கலாம். நான் எதையும் கூட்டி எழுதவில்லை.

1951, மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை. என் கணவர் சலாஹுதீன் குளிக்கத் தொட்டியருகே நின்றார். யுத்தத்தின்போது சரக்குக் கப்பல்களுக்குத் துணை போகும் காவல் கப்பலில் வேலை பார்த்தவர். பிறகு இலங்கைக்குச் சரக்கேற்றும் தோணியில் தண்டல். தோணியை நடத்துவது அவர் பொறுப்பு. தோணி என் காக்கா, அதாவது அண்ணன், ஹமீது சுல்தானுடையது.

"அம்மாம் பெரிய கப்பலை எப்படி மச்சான் நிறுப்பாக?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஏது புள்ள தராசு? எம்புட்டுத் தண்ணிய ஒதுக்குதோ, அதான் அதோட எடை. இந்தா, என்னை நிறுத்துப் பாரு."

தண்ணீர் நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினேன். அவர் இறங்கி உட்கார்ந்ததும் மேலே இன்னொரு கோடு. இடையில் நாலு விரல்.

"நாலு விரல் ஆளுக்கா நான் இம்புட்டுச் சோறு ஆக்குறேன்?"

சிரித்தார். அப்போது வாசலில் காக்காவின் குரல்.

"மாப்பிள, தோணியில பாரக்கோடு மங்கிப்போச்சு. நானே வெள்ளை அடிச்சு வைக்கேன்."

அந்தக் கோடு தண்ணீருக்குள் போகும்படி பாரம் ஏற்றக் கூடாது. "அடிங்க மச்சான்" என்றார் இவர்.

மறுநாள் இவரையும் சேர்த்து ஐந்து பேர் தோணியில் போனார்கள். உடைந்த பலகைகள்தான் கரைக்கு வந்தன.

"ஆசைப்பட்டு அளவுக்கு மேல ஏத்திட்டாரு" என்று காக்கா ஊரெல்லாம் சொன்னார். கூடப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் என் வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். நான் இத்தாவில், கணவனை இழந்தவள் காக்கும் தனிமையில், இருந்தேன். நாலு மாதம் பத்து நாள் வெளியே போக முடியாது. அவருக்காகப் பேச ஊரில் ஒருவரும் இல்லை.

பதினேழாம் நாள். பிற்பகல் நாலேகால்.

சளக்...

போய்ப் பார்த்தேன். காலையில் கீழ்க்கோடு வரை நான்தான் ஊற்றியிருந்தேன். இப்போது தண்ணீர் மேல்கோட்டில் நின்றது. உள்ளே யாருமில்லை.

மறுநாளும் நாலேகால்.

சளக்...

இவருக்காக நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹாவுக்குக் காக்கா வந்தார். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யத் தொட்டியருகே குனிந்தார். மணியைப் பார்த்தேன். நாலு பதினான்கு.

சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

சளக்...

அவர் கண்ணெதிரே ஏறியது. ஒரு விரல்... இரண்டு... மூன்று...

நாலு.

"யாரு... யாரு உள்ள?"

செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

இத்தா முடிந்த மறுநாள் வீரையா வந்தான். தோணியில் போன ஐவரில் ஒருவன். மன்னார்ப் பக்கம் மீனவர்கள் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான்.

"தண்டல் மேல தப்பில்லக்கா. கோடு வரைக்குந்தான் ஏத்துனோம். நடுக்கடல்ல தோணி சாஞ்சப்ப, மறைச்சுப் பூசியிருந்த தாரு உரிஞ்சு, புதுக்கோட்டுக்குக் கீழ பழைய கோடு தெரிஞ்சது. தண்டல் எட்டிப் பாத்தாரு. 'நாலு விரல்'னாரு."

"அப்புறம்?"

"'இது மச்சான் அடிச்ச கோடு'ன்னாரு. அதுக்குள்ள தோணி கவுந்திருச்சு."

"அப்ப மணி?"

"தண்டல் கடிகாரத்தப் பாத்தேன். நாலேகால்."

பத்து வருஷமாகிறது. இன்று காலையும் கீழ்க்கோடு வரைதான் ஊற்றினேன். இப்போது மணி ஐந்து.

தண்ணீர் மேல்கோட்டில் நிற்கிறது.